மாஹிர் இன்னும் வரல

எங்கள் கடைத்தெருவில் நல்ல பெயரைத் தவிர எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அந்த விலையையும் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். நல்ல பெயர் மட்டும் விலையில்லாமல், கணக்கில்லாமல் கிடந்தது அரசாங்கத்தின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். இர்பித் நகரின் பழைய கடைத்தெருவுக்கு ஒரு வசந்தகாலத்தில் சிறுவணிக நற்பெயர் வாரியம் வந்து சேர்ந்தது.

அதன் இயக்குநர் டாக்டர் முஃதஸிம், வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. சிறு கடைகளின் பெயரைப் பற்றியும் லாபத்தைப் பற்றியும் கடல் தாண்டிப் போய் ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். ஃபலாஃபில் வடை போடும் அபூ லுஆயின் கடை வாசலில்தான் மேடை போட்டார்கள். புகை வருகிறது என்று எண்ணெய்ச் சட்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, சிறுவணிகத்தை வாழவைப்பது பற்றி டாக்டர் பேசினார்.

"நல்ல பேர் இருக்கிற கடைக்கு லாபம் அதிகம். இதை ஆய்வு நிரூபிச்சிருக்கு. ஆனா அந்தப் பேர் இத்தனை காலமா எங்க இருந்தது? மக்கள் வாயில இருந்தது. வாயில இருக்கிறதை எப்படி அளக்கிறது? இனிமே உங்க பேரை உங்ககிட்டேருந்து வாங்கி நாங்க பத்திரமா வெச்சுக்குவோம். வேணும்போது விண்ணப்பம் போட்டா சான்றாத் திருப்பித் தருவோம். கோடை முடிஞ்சப்புறம் சான்று இல்லாத கடை திறக்கக் கூடாது."

அபூ லுஆய் கரண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "உஸ்தாத், ஒருத்தனுக்குப் பேர் நல்லா இருக்கு, லாபம் மட்டும் இல்ல. அவன் என்ன பண்றது?"

"அப்படி நடக்க வாய்ப்பில்லை. ஆய்வுல அப்படி ஒரு ஆளே வரலை."

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பெட்டிக்கடை அபூ மாஹிரைப் பார்த்தோம். அவர் ஏதோ குற்றம் செய்தவர்போல நாற்காலியில் கொஞ்சம் கீழே இறங்கினார்.

பெட்டிக்கடை என்றால் பயணப்பெட்டி விற்கும் கடை. எங்கள் ஊரின் முக்கிய விளைச்சல் பிள்ளைகள். வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம். அனுப்புவதற்குப் பெட்டி வேண்டும். அப்படிப் பார்த்தால் அபூ மாஹிர் மாடமாளிகை கட்டியிருக்க வேண்டும். ஆனால், "இதை எடுக்காதீங்க, இதோட சக்கரம் விமான நிலையம் வரைக்கும்தான் வரும், அந்த விலை குறைஞ்சதை எடுங்க" என்று சொல்லி விற்பவர் எங்கே கட்டுவது? பத்து வருஷம் முன்னால் விற்ற பெட்டிக்கும் கைப்பிடி மாட்டிக் கொடுத்துக் காசு வாங்க மாட்டார். அதே சமயம், சொன்ன விலையில் அரை தினார் குறைக்க மாட்டார். எங்கள் தெருவில் பேரம் பேச முடியாத ஒரே ஆள் அவர். முதலிலேயே குறைத்துச் சொல்கிறவரிடம் மேலும் குறைக்க என்ன இருக்கிறது என்று அவர் வாதம்.

நான் அவருக்கு எதிர்க்கடை. வாசனைத் திரவியம். என் பாட்டில்களின் மேல் பாரிஸ் பெயர்கள் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது என் மைத்துனன் கொல்லைப்புறத்தில் கலக்கியது. பெயருக்கும் சரக்குக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரிந்த விஷயம். வாரியம் என் கடையை முகர்ந்து பார்த்துவிட்டு முதல் தரச் சான்று கொடுத்தது.

கணக்கெடுப்புக்கு வந்த எழுத்தர் ஒல்லியான ஆள், சட்டைப்பையில் மூன்று பேனா. தெரு முழுக்க விசாரித்துவிட்டு அபூ மாஹிரின் கடை முக்காலியில் உட்கார்ந்து, கவலையோடு அட்டவணையை விரித்தார். நான் என் வாசலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காமல் இருக்கும் வசதி எங்கள் தெருவில் இல்லை, அகலம் அவ்வளவுதான்.

"உங்க பேருக்குப் பத்துக்கு ஒன்பது வருது. இந்த அட்டவணைப்படி உங்க லாபம் இப்ப இருக்கிறதைவிட நாலு மடங்கு இருக்கணும். ஒண்ணு, உங்க கணக்கு பொய். இல்லேன்னா உங்க பேரு பொய்."

"அட்டவணை தப்பா இருக்கக் கூடாதா, உஸ்தாத்?"

"அது அச்சாகி வந்திருக்கு." எழுத்தர் மூன்று பேனாவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "சரி, முதல்ல பேர்லேருந்து ஆரம்பிப்போம். பேரு?"

"அபூ மாஹிர்."

"பதிவுல சுப்ஹி ஹம்தான்னு இருக்கே."

"அது எங்க வாப்பா வெச்சது. யாரும் கூப்பிடறதில்ல."

"அபூ மாஹிர்னா மாஹிரோட வாப்பா. மாஹிர் எங்கே?"

எங்கள் தெருவில் யாரும் எந்தக் காலத்திலும் கேட்காத கேள்வி அது. இங்கே ஒருவனுக்குக் கல்யாணம் ஆனதும் அவனைச் சொந்தப் பெயரால் அழைப்பது மரியாதையில்லை. பிறக்கப்போகும் மூத்த மகனுக்கு ஒரு பெயரை முன்கூட்டியே வைத்து, அவனுடைய வாப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவோம். பிள்ளை பிறந்தால் பெயர் தயார். பிறக்காவிட்டாலும் கொடுத்த மரியாதையை யாரும் திரும்ப வாங்குவதில்லை. அபூ மாஹிரின் மனைவி நஜாஹ்தான் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவள். வாரியம் வருவதற்கு முந்திய பனிக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்தாள். மாஹிர் பிறக்கவேயில்லை.

அபூ மாஹிர் ஒரு பெட்டியின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"இன்னும் வரல," என்றார்.

எழுத்தர் சுற்றிலும் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். தலையாட்டிக்கொண்டே எழுதினார்: மகன், வெளிநாட்டில்.

அந்த இடத்திலேயே திருத்தியிருக்கலாம். எழுத்தர் போனதும் நானே தெருவைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். "என்னய்யா நீ? பிள்ளையே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லியிருப்பேன் அபூ ஃபிராஸ். வாய் வரல. வீட்ல என்னை யார் கூப்பிடறா? சுவர் கூப்பிடுமா? காலையில இங்கே வந்து ஷட்டரைத் தூக்கினா, 'காலை வணக்கம் அபூ மாஹிர்'னு நீ ஒரு சத்தம் கொடுக்கிறே பாரு, அப்பதான் எனக்கு நான் யாருங்கிறதே ஞாபகம் வருது. அவன்கிட்ட இல்லைன்னு சொல்லி, அவன் அதை எழுதி, நாளைக்கு நீ என்னை சுப்ஹின்னு கூப்பிட்டா?"

எனக்கு ஃபிராஸ் என்று நிஜமாகவே ஒரு மகன் இருக்கிறான். அபூதாபியில் இருக்கிறான்; பணம் தேவைப்பட்டால் போன் பண்ணுவான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அபூ மாஹிரின் அளவுக்கு மென்மை கிடையாது. இருந்தாலும் என் கடைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

வாரியம் சும்மா இருக்கவில்லை. மகன் வெளிநாட்டில் என்றால் பணம் வரும், பணம் வந்தால் கணக்கில் இல்லை, எனவே மகனை விசாரிக்க வேண்டும். சாட்சிக்கு அபூ லுஆயையும், கல்யாணத் துணி விற்கும் ஹன்னாவின் தாய் உம் ஹன்னாவையும், என்னையும் தனித்தனி நாளில் கூப்பிட்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நற்பெயர் என்பது யாரும் யாரோடும் பேசிக்கொள்ளாமல் உருவாவது என்று அவர்கள் புத்தகத்தில் இருந்ததாம்.

நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. சாட்சி சொல்லப் போனால் நம் பக்கத்து ஆளுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும் என்பதைப் பாலோடு குடித்தவன். "மாஹிரா? தங்கமான பையன். தோஹாவுல இன்ஜினியர். பாலம் கட்றான்," என்றேன். எழுத்தர் பாராட்டுகிற மாதிரி எழுதிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தபிறகு மூவரும் அபூ மாஹிரின் கடையில் கூடி, கையெழுத்தை மீறினோம்.

"பாலமா? அடப்பாவி," என்றார் அபூ லுஆய். "நான் அவனை புக்காரெஸ்டுக்கு அனுப்பிப் பல் டாக்டர் ஆக்கிட்டேனே. என் மச்சான் பையன் அங்கேதான் படிச்சான், அந்த ஞாபகத்துல வந்துடுச்சு."

"நீங்க ரெண்டு பேரும் பரவாயில்ல," என்றாள் உம் ஹன்னா. "நான் அவன் சாவ் பாவ்லோவுல துணிக்கடை வெச்சிருக்கான்னு சொன்னேன். வாயைக் கொடுத்துட்டா நிக்குமா? அபூ லுஆய், உங்க மச்சினி பொண்ணை நான் அவனுக்குப் பேசி முடிக்கப் பார்த்தேன், அவன்தான் கூச்சப்பட்டு ஓடிட்டான்னு கோபத்தோட வேற சொல்லிட்டேன்."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அபூ மாஹிர் சிரிக்கவில்லை. ஸ்டூலை அபூ லுஆய் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"புக்காரெஸ்ட்ல குளிர் எப்படி?"

"எலும்பைத் தின்னும்னு மச்சான் பையன் சொல்வான். ஏன்?"

"சும்மா." மீசையைத் தடவிக்கொண்டே, "மீசை வெச்சிருக்கான்னு சொன்னியா?"

"அதெல்லாம் கேக்கலையே, அபூ மாஹிர்."

"கேட்டா, இருக்குன்னு சொல்லு."

அன்றைக்கு அவர் மதியம் வாங்கிய ரொட்டியில் வழக்கம்போல் பாதியை இரவுக்கு மடித்து வைக்கவில்லை. முழுதாகச் சாப்பிட்டார்.

மூன்று சாட்சியமும் முரண்பட்டதால் வாரியம் எங்களைப் பிடிக்கும் என்று நினைத்தேன். எனக்கு வாரியத்தைப் பற்றிப் போதிய மரியாதை இல்லாததால் வந்த நினைப்பு. சாட்சியங்களை அவர்கள் கூட்டினார்கள். விசாரணை நாளில் டாக்டர் முஃதஸிம் முடிவை வாசித்தார். நாங்கள் மூவரும் பின்வரிசையில்.

"மாஹிர் சுப்ஹி ஹம்தான். மூணு நாட்டுல மூணு தொழில். மூணுலயும் நற்பெயர். எங்க வாரியம் இதுவரைக்கும் பார்த்ததிலேயே பெரிய மதிப்பெண். நாலு மடங்கு லாபம் எங்கே போச்சுன்னு கேட்டோமே, இப்ப புரியுது. அது மகன்கிட்ட இருக்கு. அட்டவணை சரிதான்."

அபூ மாஹிர் எழுந்து நின்றார்.

"உங்க கடைக்குப் பேரு அபூ மாஹிர் பெட்டிக்கடை. அந்தப் பேர்ல இருக்கிற நல்லது யாருக்குச் சொந்தம்? மாஹிருக்கு. நீங்க இத்தனை வருஷமா மகனோட பேரை வாடகை தராம பயன்படுத்தியிருக்கீங்க. நாங்க கண்டிக்கலை, வாப்பாங்கிறதால மன்னிக்கிறோம். சான்றை மாஹிர் பேர்ல தர்றோம். அவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். கோடை முடியறதுக்குள்ள வரலேன்னா கடைக்கு சீல்."

வெளியே வராந்தாவில் எழுத்தரைப் பிடித்துக்கொண்டு நான் மெதுவாகக் கேட்டேன். "உஸ்தாத், ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அப்படி ஒரு மகனே இல்லைன்னு தெரிஞ்சா?"

"ரொம்ப சுலபம். அவருக்கு சுப்ஹிங்கிற பேர்ல சான்று கொடுத்துடுவோம். சாட்சி சொன்னவங்க பொய்ச்சாட்சி ஆயிடுவாங்க. அவங்க சான்று ரத்து. மூணு கடைக்கும் சீல்." அவர் என் சட்டையை முகர்ந்தார். "நல்ல வாசனை. பாரிஸா?"

"பாரிஸ்தான்," என்றேன்.

தெருவுக்குத் திரும்பும் வழியில் உம் ஹன்னாதான் ஆரம்பித்தாள். "போய் உண்மையைச் சொல்லிடு அபூ மாஹிர். எங்களுக்கு வர்றதை நாங்க பார்த்துக்கறோம். நான் வீட்லேருந்தே தைச்சு விப்பேன்."

"நான் தள்ளுவண்டி போட்டுக்கறேன்," என்றார் அபூ லுஆய். வண்டியைத் தள்ள அவர் முழங்கால் ஒத்துழைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் முறை வந்தபோது எனக்கு இருமல் வந்தது.

அபூ மாஹிர் தன் கடைக்குப் போய்விட்டார். ஒரு வாரம் வழக்கம்போலக் கடை திறந்தார், சக்கரங்களுக்கு எண்ணெய் போட்டார். பிறகு ஒரு காலை, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாரியத்துக்குக் கிளம்பினார். நான் கூடப் போனேன். உண்மையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்து, என் பாட்டில்களை மைத்துனன் வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எழுத்தர் தலைநிமிராமலே கேட்டார். "மாஹிர் வந்துட்டாரா?"

"மாஹிர் போயிட்டான்."

"எங்கே? வேற நாட்டுக்கா?"

"போயிட்டான், உஸ்தாத்."

எழுத்தரின் பேனா நின்றது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "இன்னா லில்லாஹி..." என்று சாவுக்குச் சொல்லும் வசனத்தைச் சொல்லிக்கொண்டே மேஜையைச் சுற்றி வந்து அபூ மாஹிரின் தோளைப் பிடித்தார். அந்த வாரியத்தில் ஒருவர் இன்னொருவரைத் தொட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அபூ மாஹிர் அவர் மேல் சாய்ந்து, குலுங்கி அழுதார். நடிப்பு என்று நான் நினைத்தேன். ரொம்ப நன்றாக இருந்தது; இவ்வளவு நன்றாக அவருக்கு வராதே என்றும் தோன்றியது.

வெளிநாட்டு மரணத்துக்கு உள்ளூர் இறப்புச் சான்று தேவையில்லை, துக்கம் நடந்ததற்கான அத்தாட்சி போதும் என்று விதி இருந்தது. ஆகவே துக்கம் நடந்தாக வேண்டும். தெருவில் பந்தல் போட்டோம். வாடகை நாற்காலிகளை எதிரும் புதிருமாக வரிசை வைத்தோம். அபூ லுஆய் சர்க்கரையில்லாத காபியைப் பெரிய கெண்டியில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்று நாள்.

நாங்கள் எதிர்பார்த்தது தெருக்காரர்களை மட்டும். ஆனால் துக்கம் விசாரிக்க வருவது நற்பெயர்ப் புள்ளியில் சேரும் என்று வாரியம் அறிவித்துவிட்டது. காய்கறிச் சந்தை வந்தது. தங்கக்கடைத் தெரு முழுசாக வந்தது. முன்னால் உட்கார இடம் பிடிப்பதில் இரண்டு கம்பளக் கடைக்காரர்களுக்குள் தகராறு. ஒருவர் மாஹிர் தனக்குப் பல் பிடுங்கியதை விவரித்தார். வலிக்கவேயில்லையாம், பிடுங்கியபின் காசும் வாங்கவில்லையாம். "வாப்பா மாதிரியே," என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். பாலத்தைப் பார்த்தவர்கள்கூட இரண்டு பேர் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் டாக்டர் முஃதஸிம் வந்து, காபியை ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினார்.

"எத்தனையோ வணிகர்கள் எங்க கவுன்டருக்கு வந்து சத்தம் போடறாங்க. மாஹிர் ஒரு நாளும் போட்டதில்லை. அவர் மேல ஒரு புகார் இல்லை. எங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்த வாரியம் யாருக்காக உருவாச்சோ, அந்த மாதிரி ஒரு மனுஷன் அவர். மகனோட நற்பெயர் வாரிசு முறைப்படி வாப்பாவுக்கு வருது. கடை தொடரலாம்."

எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். கடை தப்பியது, நாங்கள் மூவரும் தப்பினோம். அபூ மாஹிர் வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தபின் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.

"நஜாஹ் போனப்ப பனி கொட்டினது ஞாபகம் இருக்கா, அபூ ஃபிராஸ்? ரோடு மூடிட்டாங்க. நீங்க நாலு பேர்தான் வந்தீங்க. கெண்டி காபி அப்படியே மிஞ்சிடுச்சு." மடக்கிய நாற்காலிகளைப் பார்த்தார். "இவ்வளவு ஜனத்தை அவ பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா."

அதற்கப்புறம்தான் ஒரு சிக்கல் வந்தது. அவரை எப்படிக் கூப்பிடுவது? செத்துப்போன மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கத்தில் தவறில்லை. ஆனால் நாங்களே உருவாக்கி நாங்களே பந்தல் போட்டு அனுப்பியவனின் பெயர் வாயில் வரும்போது ஒரு கூச்சம் வந்தது. அபூ லுஆய், வயதானவர்களைப் பொதுவாகக் கூப்பிடுகிற மாதிரி 'ஹாஜி' என்று ஆரம்பித்தார். உம் ஹன்னாவும் பிடித்துக்கொண்டாள். காலையில் ஷட்டர் சத்தம் கேட்டதும் நானும் "காலை வணக்கம் ஹாஜி" என்றேன். அவர் அப்போதுதான் தூங்கி எழுந்தவர்போல ஒரு கணம் பார்த்துவிட்டு, "வணக்கம்" என்றார். முக்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். சாயங்காலத் தேநீருக்கு எங்கள் பக்கம் வருவதும் நின்றது. மறுபடி ரொட்டியில் பாதியை மடித்து வைக்க ஆரம்பித்தார். அவரிடம் இப்போது வாரியத்தின் முத்திரை போட்ட நற்பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அடுத்த வசந்தத்தில் வாரியம் ஆண்டின் சிறந்த சிறுவணிகர் விருதை மறைந்த மாஹிருக்குக் கொடுத்தது. உயிரோடிருந்தவர்கள் எல்லார் மீதும் ஏதாவது ஒரு புகார் இருந்ததால் போட்டி கடுமையாக இல்லை. கில்ட் போட்ட சட்டம், கண்ணாடி. மேலே மாஹிரின் பெயர், கீழே டாக்டரின் கையெழுத்து, நடுவில் புகைப்படம் ஒட்டுவதற்குக் கறுப்பாக ஒரு கட்டம். ஒட்டப் புகைப்படம் ஏது? அப்படியே கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார்.

போன வியாழக்கிழமை ஒரு வெளியூர்க்காரர் வந்தார். அஜ்லூன் பக்கத்து விவசாயி. மகனைப் படிக்க அனுப்புகிறார். பெரிய பெட்டியாகப் பார்த்து விலை கேட்டார். எங்கள் ஆள் சொன்னார். விவசாயி வழக்கப்படி நெஞ்சில் கை வைத்து, மயங்கி விழுவதுபோல் செய்தார். எங்கள் ஆள் அசையவில்லை. விவசாயி வேறு வழி தேடிச் சுற்றிலும் பார்த்தார். சட்டம் கண்ணில் பட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மகனா?"

"ஆமா."

"அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும்." விவசாயி எட்டிப் பார்த்தார். கறுப்புக் கட்டத்தின் மேல் இருந்த கண்ணாடியில், திரும்பி அதைப் பார்த்து நின்ற கிழவரின் முகம் மங்கலாகத் தெரிந்திருக்க வேண்டும். கிராமத்து ஆளுக்குக் கண் பார்வை எப்படியோ, பேரம் தெரியும். "அப்படியே உங்க ஜாடை. அதே மீசை. விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்க, அபூ மாஹிர்."

என் வாசலில் நான் ஒரு பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அபூ மாஹிர் விலையில் பாதியைச் சொன்னார். விவசாயிக்கே சந்தேகம் வந்து, பெட்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சோதித்தார்.

"சக்கரம் நல்ல சக்கரம். எங்கே அனுப்பறீங்க பையனை?"

"ருமேனியாவுக்கு."

அபூ மாஹிர் பெட்டியைத் திருப்பி வைத்து, உள்பட்டையை இழுத்துக் காட்டினார். "கம்பளிக்கு இந்தப் பக்கம் இடம் இருக்கு. கனமானதா ரெண்டு வெச்சு அனுப்புங்க. என் பையன் அங்கேதான் இருந்தான். எலும்பைத் தின்னும் குளிர்."

இந்த மாதம் கடையின் லாபம் இன்னும் குறைந்திருக்கிறது. அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று வாரியம் தெரிவித்திருக்கிறது.